பழைய வொர்க்ஸ்டேஷனை வேகமாக்குவது எப்படி? பாடாங் செராய் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கம் இப்போது பல வீடுகளில் மேசைக்கு அடியில் ஒரு பெரிய கறுப்புப் பெட்டியைப் பார்க்க முடிகிறது. கடையில் வாங்கும் சாதாரணக் கணினியைவிட நல்ல கனம். பக்கவாட்டில் ஏதோ ஓர் அலுவலகத்தின் சொத்து எண் ஒட்டிய ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்கும். எச்பி இசட்440, டெல் பிரிசிஷன் டி5810, லெனோவோ திங்க்ஸ்டேஷன் பி500 என்று பெயர் இருக்கும். 2014 வாக்கில் சந்தைக்கு வந்த வொர்க்ஸ்டேஷன் ரகம் இவை. புதிதாக வாங்கியபோது எஞ்சினியர்கள் வரைபடம் போடவும் கணக்கீடு ஓட்டவும் வாங்கியவை. அலுவலகங்கள் கழித்துக் கட்டியதும் இரண்டாம் கைக்கு வந்து, நம் பிள்ளைகள் கையில் சேர்கின்றன. கல்யாண வீடியோ எடிட் செய்பவர், கட்டடப் படம் வரையும் பாலிடெக்னிக் மாணவர், பேனர் அச்சடிக்கும் கடைக்காரர் என்று பலரும் இதை வைத்துத்தான் தொழில் செய்கிறார்கள்.

நல்ல பெட்டிதான். உலோகச் சட்டம், தரமான பவர் சப்ளை, திறப்பதற்கு ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். ஆனால் உள்ளே இருக்கும் பாகங்களுக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் கணினியின் மூளையான சிபியுவைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "அண்ணே, ரொம்ப ஸ்லோ லா. சிபியு மாத்திடலாமா?"

மாற்றலாம். ஆனால் முதலில் எது தாமதப்படுத்துகிறது என்று பாருங்கள், அப்புறம் பணத்தை எடுங்கள். இந்தக் கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத பாகத்துக்குக் கொடுத்த காசு கணினியை ஒரு நொடிகூட வேகமாக்காது. நம் ஊரில் அந்தக் காசு ஒருவருடைய ஓவர்டைம் சம்பளம்.

முதல் வேலை: அளந்து பாருங்கள்

பெட்டியைத் திறக்கவே வேண்டாம். நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைத் திறந்து ஓட விடுங்கள். வீடியோ எடிட் செய்பவர் ஒரு முழு டைம்லைனை எக்ஸ்போர்ட் கொடுக்கட்டும். படம் வரைபவர் தன்னிடமுள்ள ஆகப் பெரிய கோப்பைத் திறந்து சுழற்றிப் பார்க்கட்டும். அது ஓடும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு, மற்றதெல்லாம் சும்மா இருந்தால் உங்கள் பிரச்சினை ஹார்ட் டிஸ்க். மெமரி, அதாவது தற்காலிக நினைவகமான ரேம், 85, 90 சதவீதத்தைத் தாண்டி நின்று, கூடவே டிஸ்க்கும் துடித்தால் ரேம் போதவில்லை. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதிப் படிக்க ஆரம்பிக்கிறது. அதனால்தான் இரண்டும் சேர்ந்து தவிக்கின்றன.

சிபியு விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இசட்440 பெட்டிகளில் அடிக்கடி வரும் ஜியான் ஈ5-1620 வி3 சிபியுவுக்கு 4 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசைகள்). டாஸ்க் மேனேஜரில் சிபியு 12 அல்லது 13 சதவீதம் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் சிபியு சும்மாதானே இருக்கிறது என்று தோன்றும். இல்லை. 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. அதாவது ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சாக ஓடுகிறது, மற்ற ஏழும் கை கட்டி நிற்கின்றன. வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து லாஜிகல் ப்ராசசர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எட்டுப் பெட்டிகளாகப் பிரிந்து தெரியும். விண்டோஸ் அந்த வேலையைக் கோருக்குக் கோர் மாற்றி மாற்றிப் போடுவதால் எந்தப் பெட்டியும் 100-ஐத் தொடாமல் இருக்கலாம். ஆனாலும் மொத்தம் அந்த 12, 13-இலேயே அசையாமல் நிற்கும்.

இப்படிப்பட்ட வேலைக்கு 14 கோர் சிபியு வாங்கிப் போட்டால் என்ன நடக்கும்? ஒரு கோர் ஓடும், பதின்மூன்று கோர் வேடிக்கை பார்க்கும். சில சமயம் பழையதைவிட மெதுவாகக்கூட ஆகிவிடும், ஏனென்றால் கோர் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொரு கோரின் வேகமும் பொதுவாகக் குறைவு. ஆட்டோகேட் பெரும்பாலும் இந்த ரகம். ஃபோட்டோஷாப்பிலும் பல வேலைகள் இப்படித்தான். பிளெண்டரில் ரெண்டர் கொடுப்பது, வீடியோ எக்ஸ்போர்ட் போன்றவை எல்லாக் கோர்களையும் பிழிந்து எடுக்கும். அவர்களுக்குத்தான் கோர் எண்ணிக்கை பலன் தரும்.

பார்த்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எக்ஸ்போர்ட் எத்தனை நிமிடம், கோப்பு திறக்க எத்தனை நொடி என்பதும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு பாகமும் மாற்றிய பிறகு அதே வேலையை ஓட்டி ஒப்பிட அது வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

அடுத்து, உங்களிடம் இருப்பது சரியாக எந்த மாடல் என்று தெரிய வேண்டும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் சிபியு பெயர், ரேம் வகை, மதர்போர்டு (எல்லாப் பாகமும் பொருந்தும் பலகை), பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு எல்லாவற்றையும் காட்டிவிடும். ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போதும். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால் வேகத்தைப் பற்றி யோசிக்கும் முன் கோப்புகளை வேறு இடத்தில் நகல் எடுங்கள்.

இன்னும் வாங்கவே இல்லை என்றால், விற்பவரிடம் பயாஸ் கடவுச்சொல் நீக்கப்பட்டதா என்று கேளுங்கள். அலுவலகத்திலிருந்து வரும் பெட்டிகளில் இது பூட்டியே இருப்பது உண்டு. பூட்டியிருந்தால் பூட் வரிசையைக்கூட மாற்ற முடியாது. பணம் கொடுக்கும் முன்பே பயாஸுக்குள் நுழைந்து காட்டச் சொல்லுங்கள். நேர்மையாக விற்பவர் யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

வொர்க்ஸ்டேஷனுக்கும் சாதாரணக் கணினிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பவர் சப்ளை, மதர்போர்டு, விசிறி இணைப்பு எல்லாம் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை இசட்440-இல் பொருந்தாது. சிபியுவைக் குளிர்விக்கும் கூலரும் அப்படித்தான். வேறு கூலர் மாட்டினால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் விசிறிப் பிழை என்று திரையில் வந்து நிற்கலாம். ஆகவே பெட்டியோடு வந்த கூலர், பவர் சப்ளை, கேபிள் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

திறப்பதற்கு முன்

பவர் கேபிளைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கம்பளத்தின் மேல் வைத்து வேலை செய்ய வேண்டாம். மேசையோ சிமெண்டுத் தரையோ நல்லது. பாகங்களைத் தொடும் முன்பு ஒவ்வொரு முறையும் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும்.

மூடியைத் திறந்ததும் பல தோட்டப்புறப் பெட்டிகளில் ஒரே காட்சிதான். லோரிகள் போகும் செம்மண் பாதைத் தூசி விசிறி இறக்கைகளில் படிந்து பழுப்புப் பட்டையாக இறுகியிருக்கும். கூலரின் தகடுகளுக்கு நடுவே பஞ்சு போல் அடைத்திருக்கும். பவர் சப்ளையின் ஓட்டை வழியாக எறும்பு போய்வரும் தடம். சில சமயம் மதர்போர்டின் ஓரத்தில் பல்லி முட்டை ஓடு. இதையெல்லாம் சுத்தம் செய்வதே ஒரு பாதி அப்கிரேடு என்பேன். காற்று போகாத கூலரின் கீழ் சிபியு சூடேறினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பாகத்தில் குற்றமே இருக்காது.

வெளியே வாசல் நடைபாதையில் வைத்து ஊதுங்கள். மின் ஊதுகுழல் இருந்தால் மிக நல்லது. ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழல விட்டால் மோட்டார் கெடும். மூலை முடுக்கில் ஒரு பெயிண்ட் பிரஷ். ஈரத் துணி மட்டும் வேண்டவே வேண்டாம். பவர் சப்ளையை வெளியிலிருந்து ஊதினால் போதும். அதைப் பிரிக்கக் கூடாது, உள்ளேயுள்ள கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

திறந்த கையோடு மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியையும் மாற்றுங்கள். சிஆர்2032 என்று கேட்டால் எந்தக் கைக்கடிகாரக் கடையிலும் கொடுப்பார்கள். பழைய பெட்டி ஒவ்வொரு முறையும் தேதியை மறந்துபோனால் காரணம் பெரும்பாலும் இதுதான். மாற்றும்போது பயாஸ் அமைப்புகள் அழிந்துபோகலாம், அதனால் அந்தத் திரைகளை முன்பே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

எஸ்எஸ்டி: முதல் காசு இதற்குத்தான்

உங்கள் பெட்டி இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடினால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 150 எம்பி படிக்கும், அதுவும் கோப்புகள் வரிசையாக இருந்தால். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகள் என்றால் முள் அங்கும் இங்கும் ஓடி, வேகம் படுத்துவிடும். விண்டோஸ் ஏறுவதும் மென்பொருள் திறப்பதும் முழுக்க இந்தச் சின்னக் கோப்பு வேலைதான். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டோ முள்ளோ இல்லை. ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் போடும் எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை தரும். சின்னக் கோப்புகளில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு.

என்விஎம்இ எஸ்எஸ்டி இன்னும் வேகம். அது பிசிஐ எக்ஸ்பிரஸ் (மதர்போர்டில் அட்டைகளைச் செருகும் இணைப்பு) வழியாக ஓடும். இந்தப் பெட்டிகளில் அதன் மூன்றாம் தலைமுறை இருப்பதால் நொடிக்கு 3500 எம்பி அளவு வரை போகலாம். ஆனால் மதர்போர்டில் அந்தச் சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 இடம் இருக்காது. எம்.2-வைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் இடத்தில் செருக உதவும் சின்ன அடாப்டர் அட்டை வாங்க வேண்டும், விலை மலிவுதான். மூன்றாம் தலைமுறை இடத்தில் செருகுங்கள். அதே மதர்போர்டில் இரண்டாம் தலைமுறை இடமும் இருக்கும், அதில் போட்டால் பாதி வேகம்தான். எந்த இடம் எது என்று மதர்போர்டிலோ மூடியின் உள்பக்க வரைபடத்திலோ அச்சிட்டிருப்பார்கள். வாங்கும்போது அடாப்டர் என்விஎம்இ-க்கானதா என்று பாருங்கள். சாட்டா எம்.2-க்கான அடாப்டரும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும்.

எது வாங்கலாம்? என் கருத்து இது. வரைபடம், அலுவலக வேலை, ஃபோட்டோ என்றால் சாட்டா எஸ்எஸ்டி போதும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறினால் அன்றே தெரியும், சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்கு மாறினால் பலருக்குத் தெரியவே தெரியாது. தைப்பூசம், கல்யாணம் என்று நாள் முழுக்கப் பிடித்த வீடியோக்களைக் கொட்டி வேலை செய்பவருக்கு மட்டும் என்விஎம்இ-க்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதையே கிடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

என்விஎம்இ-யிலிருந்து விண்டோஸ் ஏற வேண்டுமானால் முதலில் பயாஸை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுத்த கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவாருங்கள், பூட் முறையை யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்க குளோன்சில்லா இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பழைய விண்டோஸ் லெகசி என்ற பழைய பூட் முறையில் போட்டிருந்தால் நகல் எடுப்பதைவிடப் புதிதாக நிறுவுவது சுலபம். பத்து வருடக் குப்பையும் கூடவே போய்விடும்.

ரேம்: ரெஜிஸ்டர்டா, இல்லையா

புதியவர்கள் மிகவும் குழம்புவது இங்கேதான். இசட்440, டி5810 போன்ற பெட்டிகளுக்கு டிடிஆர்4 வகையில் ரெஜிஸ்டர்டு இசிசி ரேம் (இடையில் ரெஜிஸ்டர் என்ற சில்லு வைத்து, சிறு பிழைகளைத் தானே திருத்தும் வகை) வேண்டும். சர்வர்களில் போடும் அதே ரேம். கடையில் சாதாரணமாக விற்கும் டிடிஆர்4 இதில் ஓடாது. செருகினால் பொருந்தும், ஆன் செய்தால் பீப் சத்தம்தான். இன்னொரு பக்கம், எச்பி இசட்240 மாதிரி சின்ன ரகப் பெட்டிகளுக்கு ரெஜிஸ்டர்டு ரேம் ஒத்துவராது. பெயரில் ஓர் எண்தான் மாறுகிறது, ரேம் அடியோடு வேறு. ஏற்கனவே இருக்கும் ரேமைக் கழற்றி அதன் ஸ்டிக்கரைப் பாருங்கள். பிசி4 என்று தொடங்கும் குறியீட்டில் வேகத்துக்குப் பின்னால் ஆர் என்ற ஆங்கில எழுத்து வந்தால் ரெஜிஸ்டர்டு. யு வந்தால் சாதாரண வகை, ஈ வந்தால் ரெஜிஸ்டர் இல்லாத இசிசி. ஆர் வகையை மற்றவற்றோடு கலக்க முடியாது.

இந்தச் சிபியுக்கள் நான்கு பாதைகளில் ஒரே நேரத்தில் ரேமைப் படிக்கும். அதனால் 32 ஜிபி வேண்டுமானால் 16 ஜிபி இரண்டு போடுவதைவிட 8 ஜிபி நான்கு போடுவது நல்லது. எட்டு இடங்களில் எந்த நான்கில் முதலில் போட வேண்டும் என்று மூடியின் உள்பக்கத்தில் வரைந்திருப்பார்கள், அந்த வரிசையை மாற்ற வேண்டாம். பெயர் வி3 என்று முடியும் சிபியு 2133 வேகம் வரைதான் ரேமை ஓட்டும், 2400 வாங்கிப் போட்டாலும் தானே இறங்கி ஓடும். ஆகவே வேகத்துக்காகக் கூடுதல் காசு வேண்டாம்.

இரண்டு பக்கக் கொக்கிகளும் டக்கென்று ஏறும் வரை அழுத்துங்கள். புது ரேம் போட்ட முதல் முறை திரை கறுப்பாகவே சிறிது நேரம் நிற்கும். பயந்துபோய் அணைத்துவிடாதீர்கள். மதர்போர்டு புது ரேமைப் பழகிக்கொள்கிறது, சில நிமிடம் பொறுங்கள். அப்புறம் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

2025 கடைசியிலிருந்து உலகெங்கும் ரேம் விலை நன்றாக ஏறியது, பழைய டிடிஆர்4-உம் தப்பவில்லை. அதனால் இப்போது வாங்குபவர்கள் டாஸ்க் மேனேஜர் கேட்கும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். வீடியோ வேலைக்கு 32 ஜிபி தாராளம்.

சிபியு

அளந்து பார்த்துச் சிபியுதான் தடை என்று தெரிந்த பிறகே இந்தப் பகுதி.

எல்லாக் கோரும் முட்டி நிற்கும் ரெண்டர் வேலைக்கு ஈ5-2680 வி4 நல்ல தேர்வு. 14 கோர், 28 த்ரெட், உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். இதன் வெப்ப அளவு 120 வாட், ஈ5-1620 வி3-க்கோ 140 வாட். ஆகவே பழைய கூலரே தாங்கும். ஒரே கோர் வேலை என்றால் ஈ5-1650 வி4 எடுக்கலாம், 6 கோர், உச்சம் 4.0 கிகாஹெர்ட்ஸ். இதுவும் 140 வாட்தான்.

வி4 சிபியு வாங்கும் முன் பயாஸைக் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும், அதையும் பழைய சிபியு இருக்கும்போதே. சிபியுவை மாற்றிவிட்டுப் பயாஸைப் பற்றி நினைத்தால் திரையே வராது. இசட்440-க்கு முந்தைய இசட்420 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதில் பூட் பிளாக் தேதி 2011 என்றிருந்தால் வி2 சிபியு ஓடாது, 2013 என்றிருந்தால் ஓடும். பயாஸைப் புதுப்பித்தாலும் அந்தத் தேதி மாறாது.

இணையத்தில் மிக மலிவாக வரும் சிபியுக்களில் சில சோதனை மாதிரிகள். மூடித் தகட்டின் மேல் இன்டெல் கான்ஃபிடென்ஷியல் என்று பொறித்திருந்தால் வாங்க வேண்டாம். முறையாக விற்பனைக்கு வந்ததில் எஸ்ஆர் என்று தொடங்கும் குறியீடு இருக்கும். அதே தகட்டில் இன்னொரு சொல்லையும் தேடிப் பாருங்கள். பல இன்டெல் சிபியுக்களில் மலாய் என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும், மலேசியாவில் பொருத்தப்பட்டது என்று பொருள். இன்டெல் 1972-இல் பினாங்கில் ஆலை திறந்தது, அமெரிக்காவுக்கு வெளியே அதன் முதல் ஆலை. பின்னர் கூலிமிலும் வந்தது. 1996-இல் தொடங்கிய கூலிம் ஹைடெக் பார்க்குக்கு நம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பேர் தொழிற்சாலை பஸ் பிடித்து வேலைக்குப் போனார்கள், இன்றும் போகிறார்கள். நம் அக்கா தங்கைகள் வெள்ளை உடை போட்டு ஷிப்டில் நின்று பார்த்த தொழில் இது. அதன் உள்பக்கத்தை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை, இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, மாற்றும் முறை. முதலில் கணினியைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள், கூலருக்கும் சிபியுவுக்கும் நடுவே காய்ந்திருக்கும், வெப்பம் கடத்தும் பேஸ்ட் இளகும். அணைத்து, கேபிளைக் கழற்றி, கூலரின் நான்கு திருகுகளையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கூலரை நேராகப் பிடுங்காமல் இடம் வலமாக மெல்லத் திருப்பி எடுங்கள்.

சிபியுவைப் பிடித்திருக்கும் சட்டத்துக்கு இந்த ரகத்தில் இரண்டு நெம்புகோல்கள். எதை முதலில் திறப்பது, எதைக் கடைசியில் மூடுவது என்று சட்டத்திலேயே பூட்டுப் படம் பொறித்திருக்கும். பழைய சிபியுவை ஓரங்களில் பிடித்து நேர் மேலே தூக்குங்கள். கீழே தெரியும் தங்க நிற முட்கள் 2011. அவற்றில் ஒன்று வளைந்தாலும் மதர்போர்டு போய்விடக்கூடும், விரலோ துணியோ படக் கூடாது. புதுச் சிபியுவின் மூலையிலுள்ள முக்கோணத்தைச் சட்டத்தின் முக்கோணத்தோடு சேர்த்து, அழுத்தாமல் அப்படியே விடுங்கள், தன் எடையிலேயே உட்காரும். நெம்புகோலை மூடும்போது சற்று அழுத்தம் தேவைப்படும், அது இயல்புதான்.

கூலரின் அடிப்பகுதியில் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து எடுங்கள். சிபியு நடுவில் பட்டாணிக்குச் சற்றுக் கூடுதலாகப் புதுப் பேஸ்ட் வைத்து, கூலரை வைத்து, மறுபடி குறுக்கும் மறுக்குமாகத் திருகுங்கள். விசிறிக் கேபிளைச் செருக மறக்காதீர்கள்.

கிராஃபிக்ஸ் அட்டை

இந்த ஜியான் சிபியுக்களில் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. அட்டையைக் கழற்றினால் படமே வராது. ஆகவே புது அட்டை கையில் வரும் முன் பழையதை விற்றுவிடாதீர்கள்.

வாங்கும் முன் பவர் சப்ளையின் லேபிளைப் படியுங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் இடமே 75 வாட் தரும். 6 முள் இணைப்பு இன்னொரு 75 வாட், 8 முள் 150 வாட். உங்கள் பெட்டியில் இருக்கும் இணைப்புகளுக்குள் அடங்கும் அட்டையை மட்டும் வாங்குங்கள். சாட்டா பவரிலிருந்து 8 முள்ளுக்கு மாற்றும் கேபிள் மலிவாகக் கிடைக்கும், அதை வாங்கவே கூடாது. அவ்வளவு மின்னோட்டத்தைச் சாட்டா இணைப்பு தாங்காது, உருகித் தீப்பிடிக்கக்கூடும்.

கூடுதல் பவர் இணைப்பே தேவைப்படாத அட்டைகள்தான் இந்தப் பெட்டிகளுக்கு நிம்மதி. ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை, ஆர்டிஎக்ஸ் ஏ2000 இரண்டும் 70 வாட். ஜிடிஎக்ஸ் 1650-இலும் சில 75 வாட்டில் அடங்கும். வீடியோ செய்பவர்கள் ஜிடி 1030-ஐத் தவிருங்கள், வீடியோவை அட்டையே சுருக்கித் தரும் என்வெங்க் வசதி அதில் இல்லை. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இரண்டாம் கையில் மலிவாகக் கிடைத்தாலும் நான் இப்போது பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் தலைமுறைக்குப் புது அம்சங்களோடு டிரைவர் வருவது 2025 அக்டோபரோடு நின்றது.

விண்டோஸ் என்ன செய்வது?

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இந்த ஜியான் சிபியுக்கள் விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. சுற்று வழியில் நிறுவுகிறார்கள், ஓடவும் ஓடுகிறது. ஆனால் தொழிலுக்கு நம்பியிருக்கும் கணினியில் அடுத்த அப்டேட் என்ன செய்யும் என்ற கவலையோடு இருக்க வேண்டும். பிளெண்டர், கேடன்லைவ், உலாவி, தமிழ்த் தட்டச்சு என்று வேலை அடங்கிவிடும் என்றால் லினக்ஸ் மின்ட் 22 போடுங்கள், 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. ஆட்டோகேடும் ஃபோட்டோஷாப்பும் இல்லாமல் முடியாது என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எஸ்எஸ்டி, ரேம், சிபியு, அட்டை எல்லாம் சேர்த்து வரும் தொகை, விண்டோஸ் 11 பட்டியலில் உள்ள எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தைய இரண்டாம் கைக் கணினியின் விலையை நெருங்கினால் பழைய பெட்டிக்குச் செலவு செய்ய வேண்டாம். எஸ்எஸ்டி மட்டும் வாங்குங்கள். அதை நாளைக்கு அடுத்த கணினிக்கும் எடுத்துக்கொண்டு போகலாம்.

மின்னல்

இதை எழுதாமல் விட முடியாது. உலகிலேயே மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று, மாலை நேரத்து இடிமழை நமக்குப் பழகிப்போன விஷயம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வெட்டவெளியில் கம்பம் வழியாக லைன் வரும் வீடுகளில் அபாயம் கூடுதல். திடீர் மின் எழுச்சியைத் தடுக்கும் நல்ல சர்ஜ் புரொடெக்டர் வாங்குங்கள், ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். வானம் இருட்டினால் பிளக்கைக் கழற்றுங்கள், ரௌட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். பவர் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு நெட்வொர்க் கேபிளை விட்டால், மின்னல் அதன் வழியாக வந்து மதர்போர்டையே தின்றுவிடலாம். பயாஸ் புதுப்பிப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் கரண்ட் போனால் பெட்டியே எழாமல் போகலாம், யுபிஎஸ் இருப்பவரிடம் ஒரு மணி நேரம் இரவல் கேட்டாலும் தப்பில்லை.

எல்லாம் மாட்டிய பிறகு

மூடியை மூடி, உங்கள் வழக்கமான வேலையை ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சிபியு வெப்பத்தைக் கவனியுங்கள். 80 பாகைக்குக் கீழே நின்றால் நிம்மதி. 90-ஐத் தொட்டால் கூலர் சரியாக உட்காரவில்லை அல்லது பேஸ்ட் பரவவில்லை, கழற்றி மறுபடி வையுங்கள். நம் ஊரில் மதியம் தகரக் கூரை வீட்டுக்குள் இருக்கும் சூட்டில்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும், இரவு ஏர்கோண்ட் அறையில் செய்தால் உண்மை தெரியாது.

பிறகு அந்தத் தாளை எடுத்து முதலில் எழுதிய நிமிடங்களோடு ஒப்பிடுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றச் சொல்வதும் இதற்குத்தான். எஸ்எஸ்டி போட்டதுமே வேலை திருப்தியாக ஓடினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மிச்சக் காசு கையில் இருக்கட்டும்.

கழற்றிய பாகங்களை ஒரு மாதம் வரை வைத்திருங்கள், புதியதில் ஏதாவது கோளாறு வந்தால் பழையதைப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அதன் பிறகு விற்கலாம். சிபியுவை விற்கும்போது புதுச் சிபியு வந்த பிளாஸ்டிக் உறையிலேயே போட்டுக் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் முழுமையாக அழிக்காமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம். கோப்புகளை டெலிட் செய்வது போதாது, டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதும் ஃபார்மட் கொடுக்க வேண்டும். விண்டோஸில் குயிக் ஃபார்மட் என்ற குறியை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்தால் அதுவே எழுதிவிடும், பெரிய டிஸ்க்குக்குச் சில மணி நேரம் ஆகும்.